சுவரோவியமும் ஒளிப்படமும்

ஈஜிபுரா, விவேக்நகர் பக்கம் நம் தமிழர் வீடுகளில் தஞ்சாவூர்ப் படம் பலர் வைத்திருக்கிறார்கள். நம் பெண்களே பயின்று வரைந்தவையும் உண்டு. ஊரிலிருக்கும் பாட்டிக்குக் காட்டலாமென்று செல்போனில் பிடித்தால், தங்கரேக்கின் மேல் வெள்ளைத் திட்டு விழுகிறது. சிவப்பு வேறு ஏதோ நிறமாகிறது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் வரைந்ததை வரைந்தபடி படமாக்குவது பெரிய பெரிய ஆட்களையே படாத பாடு படுத்திய சங்கதி.

அஜந்தா கதையைக் கேளுங்கள். மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844-இல் அவ்வோவியங்களைப் படியெடுக்க நியமிக்கப்பட்டார். ஆண்டுக்கணக்கில் உழைத்து எண்ணெய் வண்ணத்தில் எழுதிய படிகள் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் இருந்தன. 1866 தீயில் பெரும்பாலானவை சாம்பலாயின. பிறகு பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் 1872-இல் மாணவர்களோடு மறுபடி தொடங்கினார். அந்தப் படிகளிலும் பல 1885-இல் லண்டனிலேயே எரிந்து போயின. ஒரே சரக்கு, இரண்டு முறை தீ!

ஏன், போட்டோ எடுத்திருக்கலாமே? கில் கேமராவும் வைத்திருந்தார்தான். ஆனால் அக்காலத்துப் பிளேட்டுக்கு நீலம் மட்டுமே நன்றாகத் தெரியும்; சிவப்பும் மஞ்சளும் கறுத்து விழும். நம் சுவரோவியங்களிலோ காவியும் மஞ்சளும்தானே அதிகம்! 1873-இல் பெர்லினில் வோகல் என்பவர் பிளேட்டில் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களும் பதியுமென்று கண்டார். எல்லா நிறத்துக்கும் இசையும் பிளேட்டு கடைக்கு வர 1906 ஆயிற்று. ஐதராபாத் தொல்லியல் துறையின் குலாம் யஸ்தானி, ஒளிப்படத்தையே ஆதாரமாக வைத்து அஜந்தா வண்ணத் தொகுதிகளை 1930 முதல் வெளியிட்டார்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்த சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் விதானத்தில் ரிஷபர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகள் பட்டை பட்டையாகத் தீட்டப்பட்டுள்ளன. கீழே இன்ன காட்சி என்று தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். டி.என். இராமச்சந்திரன் 1934-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதிய நூலில் இவற்றைக் காட்சி காட்சியாக விளக்கினார். உதிர்ந்துபோன இடத்தில் என்ன இருந்தது என்று இன்று ஒருவர் கேட்டால், முதலில் புரட்ட வேண்டியது அந்த நூலைத்தான். படம் மட்டும் இருந்து விளக்கம் இல்லாவிட்டால் அது யார், எந்தக் கதை என்று விழிக்க வேண்டியதுதான்.

ஆகவே நம் வீட்டுப் படத்துக்கும் அந்த முறையே நல்லது. பிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். கேமரா படத்தின் நடுவுக்கு நேராக, சாயாமல் நிற்கட்டும். பழைய படமானால் கண்ணாடியைக் கழற்றப் போகாதீர்கள், ரேக்கும் சேர்ந்து வந்துவிடும். கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் கண்ணாடியில் நம் முகம் தெரியாது. ஓரத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். கூடவே ஒரு வெள்ளைக் காகிதமும் இருந்தால் நிறத்தைப் பின்னால் சரிபார்க்கலாம். வரைந்தவர் பேர், ஊர், ஆண்டு மூன்றையும் அதிலேயே எழுதிவிடலாம்.