கொடையாகப் பிறந்த வரி

"பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற முழக்கத்தைத் தொடும் எவரும், அமெரிக்கக் குடியேற்றத்தார் லண்டன் நாடாளுமன்றத்தில் இடம் கேட்டதாகவே எழுதிவிடுகிறார்கள். தவறு. 1765 அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்கள் நியூயார்க்கில் கூடி நடத்திய ஸ்டாம்ப் சட்ட மாநாடு, அந்த அவையில் தங்களுக்குப் பிரதிநிதிகள் இல்லை, இருக்கவும் வழியில்லை என்றே தீர்மானித்தது. அவர்கள் இறுகப் பற்றிய சொல் 'கிராண்ட்': கொடை.

'டாக்ஸ்', மதிப்பிடுதலைக் குறிக்கும் 'டாக்ஸாரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகவே வரி விதிப்பது ஆள்பவர் உரிமை என்பாரும் உண்டு. வேர் சரி, முடிவு பிழை. ஏவிய வேலையைக் குறிக்கும் 'டாஸ்க்' அதே வேரில் கிளைத்தது. மதிப்பிடுவது வேறு, கொடுக்க இசைவது வேறு.

வரியின் பழைய ஆங்கிலப் பெயர்களைப் பாருங்கள். 'எய்ட்' என்றால் உதவி. 'சப்சிடி' லத்தீனில் துணைப்படை, பிறகு உதவிப்பணம். 1215-இன் மாக்னா கார்ட்டா மூன்று வேளைகளில் மட்டும் மன்னர் இந்த 'எய்ட்' கேட்டுப் பெறலாம் என்றது: அவர் சிறைப்பட்டால் மீட்க, மூத்த மகனை 'நைட்' வீரனாக்க, மூத்த மகளுக்கு ஒருமுறை மணம் முடிக்க. நம் மொய்யைப் போன்றதுதான். அதற்கு மேல் வேண்டுமானால் நாட்டின் பொது ஆலோசனை வேண்டும். நான்காம் எட்வர்ட் கட்டாய வசூலுக்கு 'பெனிவலன்ஸ்', அதாவது நல்லெண்ணம், என்று பெயரிட்டார். பறிப்பவருக்கும் கொடையின் பெயர் தேவைப்பட்டது! 1484-இல் அதைச் சட்டம் ஒழித்தது. நாடாளுமன்ற இசைவின்றிக் கொடை, கடன், நல்லெண்ணம், வரி எதுவும் கேட்கலாகாது என்றது 1628-இன் உரிமை விண்ணப்பம். 1689-இன் உரிமைச் சட்டத்திலும் 'கிராண்ட்' என்ற சொல்லே நிற்கிறது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். லண்டன் நாடாளுமன்றம் குடியேற்றங்கள்மீது விதித்த 1765-இன் ஸ்டாம்ப் சட்டம் ஒரு சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், பகடைக்குப் பத்து ஷில்லிங் கேட்டது. மாநாடு கேட்டது இதுதான்: மன்னருக்குத் தருவது மக்களின் கொடை என்றால், அமெரிக்கர் சொத்தைப் பிரிட்டன் மக்கள் எப்படிக் கொடையளிப்பது? 1766 ஜனவரி 14 அன்று வில்லியம் பிட் காமன்ஸ் அவையில் இதையே முழங்கினார். வாக்கில்லாதவருக்கும் அவை பேசுகிறது என்ற பிரிட்டன் கருவூலச் செயலர் தாமஸ் வேட்லியின் 'மெய்ந்நிகர்ப் பிரதிநிதித்துவம்' இதன்முன் நிற்காது; மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் துலானி அதை 1765-லேயே தகர்த்தார். அகராதி செய்த சாமுவேல் ஜான்சன் 1775-இல் எழுதிய மறுப்பும் என்னை அசைக்கவில்லை.

அமெரிக்கப் புரட்சியின் வேர்ச்சொல் 'கிராண்ட்'தான். இதில் எனக்கு ஐயமில்லை.