கிருஷ்ணகிரி மாவட்டப் பெருங்கற்காலச் சின்னங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டப் பெருங்கற்காலச் சின்னங்கள் என்பவை தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தையும் ஆந்திரப் பிரதேசத்தையும் ஒட்டியுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குன்றுகளிலும் அவற்றின் அடிவாரங்களிலும் காணப்படும் இரும்புக்கால ஈமச்சின்னங்கள் ஆகும். இறந்தோருக்காக எழுப்பப்பட்ட கற்கட்டுமானங்கள் இன்றும் கண்ணுக்குப் புலப்படுகின்றன. அவற்றை எழுப்பியோரின் வீடுகளோ மண்ணுக்குள் மறைந்துவிட்டன. பர்கூர் வட்டத்திலுள்ள மயிலாடும்பாறையில் 2021 இல் வாழ்விடப் பகுதியை அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டுகள், தமிழகத்தில் இரும்பின் தொன்மை குறித்து அதுவரை நிலவிய கருத்தை மாற்றியமைத்தன.

அமைவிடம்

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 ஆம் ஆண்டு பிப்ரவரி 9 ஆம் நாள் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. ஆகவே, பழைய ஆய்வு நூல்களில் இங்குள்ள இடங்கள் தருமபுரி மாவட்டத்தின் கீழேயே குறிக்கப்பட்டிருக்கும். மாவட்டத்தின் ஊடாகத் தென்பெண்ணை ஆறு பாய்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் மைசூர்ப் பீடபூமியின் தொடர்ச்சியாக உயர்ந்தும், நாகரசம்பட்டி அமைந்துள்ள போச்சம்பள்ளி வட்டமும் அதன் அண்டையிலுள்ள பர்கூர் வட்டமும் தாழ்ந்த சமவெளியாகவும் உள்ளன. சமவெளியின் இடையிடையே கருங்கற் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. கட்டுமானத்திற்கு வேண்டிய பலகைக் கற்களை அளித்தவை இக்குன்றுகளே. தீயிட்டுச் சூடேற்றியும் ஆப்பு அறைந்தும் பாறையிலிருந்து பலகைகளைப் பிரித்தெடுத்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

ஈமச்சின்ன வகைகள்

இப்பகுதியில் காணப்படும் முதன்மையான வகைகள் பின்வருமாறு:

கல்திட்டை: நிலத்தின் மேல் செங்குத்தாக நிறுத்திய பலகைக் கற்களின் மீது ஒரு பெரிய மூடுகல்லை வைத்து அமைக்கப்படும் அறை.

கற்பதுக்கை: இதே அறை நிலத்திற்குள் குழி தோண்டி அமைக்கப்படுவது. பக்கப் பலகைகள் ஒன்றையொன்று தாங்குமாறு, மேலிருந்து பார்க்கும்போது சுவசுத்திக வடிவில் நிறுத்தப்படுவதுண்டு. இதனால் மண்ணின் அழுத்தத்தால் பலகைகள் உட்புறமாகச் சாய்வதில்லை.

கல்வட்டம்: அடக்கம் செய்த இடத்தைச் சுற்றி வட்டமாக வைக்கப்பட்ட உருண்டைக் கற்கள்.

கற்குவை: அடக்கத்தின் மேல் குவிக்கப்பட்ட சிறு கற்களின் குவியல்.

நெடுங்கல்: இறந்தோர் நினைவாகத் தனித்து நிறுத்தப்பட்ட உயரமான கல். பிற்கால நடுகற்களின் முன்னோடியாக இதனைக் கருதுவர்.

கல்திட்டை, கற்பதுக்கை ஆகியவற்றின் ஒரு பலகையில் பெரும்பாலும் வட்டமான துளை ஒன்று காணப்படும். இது இடுதுளை எனப்படுகிறது. அறையை மூடிய பிறகும் எலும்புகளையோ படையல்களையோ உள்ளே வைப்பதற்கு இத்துளை பயன்பட்டிருக்கலாம். உடலை முதலில் வேறிடத்தில் இட்டு, பின்னர் எஞ்சிய எலும்புகளைத் திரட்டி இங்கு அடக்கம் செய்யும் முறை பரவலாக இருந்தது. இறந்தோரை எரித்தல், புதைத்தல், தாழியில் கவித்தல் முதலிய ஐவகை முறைகள் மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சொல்லப்பட்டுள்ளமை இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

மல்லச்சந்திரம்

தமிழ்நாட்டின் பெரிய கல்திட்டைத் தொகுதிகளுள் ஒன்று இம்மாவட்டத்தின் மல்லச்சந்திரம் என்னும் ஊரில் மோரல் பாறை எனப்படும் குன்றின் மேல் அமைந்துள்ளது. வெறும் பாறை மீது குழி தோண்ட இயலாது. ஆதலால், இங்கு அறைகள் முழுவதும் நிலத்தின் மேலேயே கட்டப்பட்டுள்ளன. அறையைச் சுற்றி, மேல்விளிம்பு வளைவாகச் செதுக்கப்பட்ட பலகைகளை வட்டமாக நிறுத்தியிருப்பது இத்தொகுதியின் சிறப்பாகும். இவ்வகைக் கல்திட்டைகள் அண்டையிலுள்ள ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலும் காணப்படுகின்றன. எனவே, இன்றைய மாநில எல்லைகளைக் கடந்த ஒரு பொதுவான கட்டட மரபு இங்கு நிலவியது எனலாம். சில கல்திட்டைகளின் உட்புறப் பலகைகளில் வெண்ணிற ஓவியங்களும் தீட்டப்பட்டுள்ளன. பல சின்னங்களின் பலகைகள் சாய்ந்தும் மூடுகற்கள் விழுந்தும் கிடக்கின்றன.

மயிலாடும்பாறை

மயிலாடும்பாறை பர்கூர் வட்டத்தில் தொகரப்பள்ளி ஊருக்கு அருகிலுள்ள தொல்லியற்களம் ஆகும். ஈமச்சின்னங்கள், வாழ்விடம், பாறை ஓவியங்கள் ஆகிய மூன்றும் இங்கு ஒரே சூழலில் அமைந்துள்ளன. பேராசிரியர் கா. ராஜன் 2003 இல் இங்கு அகழாய்வு மேற்கொண்டார். பின்னர்த் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2021 இலும் 2022 இலும் அகழாய்வு செய்தது. நுண்கற்காலம், புதிய கற்காலம், இரும்புக்காலம் ஆகியவற்றின் தடயங்கள் இங்கு கிடைத்துள்ளன. மெருகேற்றிய கற்கோடரிகள், கறுப்பு-சிவப்பு மட்கலன்கள், இரும்புக் கருவிகள் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஈமச்சின்னம் ஒன்றிலிருந்து இரும்பு வாள் ஒன்றும் எடுக்கப்பட்டது.

ஒரு கல்லறையைத் தோண்டினால் ஓர் அடக்கத்தின் காலத்தை அறியலாம். வாழ்விடத்தில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். கற்கோடரிக் காலம் எங்கு முடிந்தது, இரும்பு எங்கு தொடங்கியது என்பதை அவ்வடுக்குகளே காட்டும். மயிலாடும்பாறையின் முதன்மை இதில்தான் உள்ளது.

காலக் கணிப்பு

வாழ்விட அடுக்குகளில் 104 செ.மீ., 130 செ.மீ. ஆழங்களில் எடுக்கப்பட்ட இரு கரி மாதிரிகள் அமெரிக்காவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்திற்கு அனுப்பப்பட்டன. அவற்றின் காலம் முறையே கி.மு. 1615, கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டது. இம்முடிவைத் தமிழக முதலமைச்சராக இருந்த மு. க. ஸ்டாலின் 2022 மே 9 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். அதற்கு முன்னர்ச் சேலம் மாவட்டத்தின் மாங்காடு, தெலுங்கனூர் ஆகிய இடங்களின் இரும்புப் பொருட்களைக் கொண்டு, தமிழகத்தில் இரும்பின் தொடக்கம் ஏறத்தாழ கி.மு. 1500 எனக் கொள்ளப்பட்டது. கறுப்பு-சிவப்பு மட்கலன் இரும்புக்காலத்தில் அன்றி, புதிய கற்காலத்தின் இறுதியிலேயே தோன்றியது என்பதும் மயிலாடும்பாறை அகழாய்வின் முடிவாகும்.

உயிருடன் உள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 என்னும் கதிரியக்க அணுவை ஏற்கிறது. மரம் இறந்தபின் அவ்வணு சிதைந்து, ஏறத்தாழ 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியிருக்கும் அளவைக் கொண்டு காலம் கணிக்கப்படுகிறது. துகள் முடுக்கியைப் பயன்படுத்தும் புதிய முறையில் சில மில்லிகிராம் கரியே போதுமானது. எனினும், இம்முறை நேரடியாகக் காட்டுவது கரியின் காலத்தையே அன்றி, அருகில் கிடந்த இரும்பின் காலத்தை அன்று. இரண்டும் ஒரே அடுக்கைச் சேர்ந்தவை என்பதும், எரிக்கப்பட்ட மரம் மிகப் பழையது அன்று என்பதும் உறுதி செய்யப்படல் வேண்டும். எனவே ஒரே ஒரு காலக் கணிப்பைக் கொண்டு முடிவுக்கு வருவதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையிலிருந்து கி.மு. 3345 வரை செல்லும் காலக் கணிப்புகள் 2025 சனவரி 23 அன்று வெளியிடப்பட்டன. பல ஆய்வகங்களில் மாதிரிகள் சோதிக்கப்பட்டமை அவ்வாய்வின் சிறப்பாகும். இக்காலக் கணிப்புகள் குறித்து அறிஞரிடையே விவாதம் தொடர்கிறது.

பிற வாழ்விடங்கள்

அண்டையிலுள்ள திருப்பத்தூர் மாவட்டத்தின் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964 முதல் 1968 வரையிலான காலத்தில் அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்கள் நிலத்தில் குழி தோண்டி, அதன் மேல் கூரை வேய்ந்து வாழ்ந்தமை அங்கு அறியப்பட்டது. கொள்ளு, பச்சைப்பயறு ஆகியவற்றின் கருகிய மணிகளும் கிடைத்தன. மண், மரக்கொம்பு, ஓலை ஆகியவற்றால் ஆன வீடுகள் அழிந்தபின் எஞ்சுபவை கம்பம் நட்ட குழிகளும் அடுப்புச் சாம்பலும் மட்கல ஓடுகளுமே. உழவு நிலத்தில் இவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

நாட்டார் வழக்கு

தமிழகமெங்கும் கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு, மாண்டவர் வீடு எனப் பலவாறு மக்கள் அழைக்கின்றனர். கன்னட நாட்டில் மோரியர் மனெ என்பது வழக்கு. மோரியர் என்போர் குள்ள உருவினர் என்பது அங்குள்ள நம்பிக்கை. அறைகள் சிறியனவாக இருப்பதால், அவற்றை வீடுகள் எனக் கொண்டோர் குள்ளர் கதையைப் புனைந்திருக்கலாம். இவ்வாறு ஈமச்சின்னமே வாழ்விடமாக மக்கள் நினைவில் நிலைத்துவிட்டது.

பிற இடங்களுடன் ஒப்பீடு

கருநாடகத்தின் கொப்பள மாவட்டத்திலுள்ள ஹிரேபெணகல்லில் 400 அளவிலான பெருங்கற்காலச் சின்னங்கள் உள்ளன. அவ்விடம் 2021 இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இசுக்காட்லாந்தின் வடக்கே ஓர்க்னித் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ரவுசே தீவில், மிட்ஹவ் என்னும் புதிய கற்காலக் கல்லறையின் அருகிலேயே இரும்புக்காலத்துக் கற்கோபுர வீடு ஒன்று நிற்கிறது. மரம் அரிதான அத்தீவுகளில் வாழ்வோரும் கல்லாலேயே வீடு கட்டினர். எனவே அங்கு கல்லறையும் வீடும் ஒருங்கே எஞ்சியுள்ளன. கிருஷ்ணகிரியில் கல்லறை மட்டுமே நிலத்தின் மேல் எஞ்சியுள்ளது. இவ்வேறுபாடு, இங்கு வாழ்விட அகழாய்வு ஏன் இன்றியமையாதது என்பதை விளக்கும்.

பாதுகாப்பு

இம்மாவட்டம் கிரானைட் கற்களுக்குப் பெயர் பெற்றது. கல்திட்டைகளை எழுப்பத் துணைபுரிந்த அதே பாறைகள் இன்று கல்லுடைப்புக்கு உள்ளாகின்றன. உழவு விரிவாக்கம், மனைப்பிரிவுகள், தொழிற்பேட்டைகள், புதையல் தேடுவோர் ஆகியவற்றாலும் சின்னங்கள் அழிகின்றன. தமிழ்நாடு தொன்மை வாய்ந்த, வரலாற்றுச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள் சட்டம் (1966), பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே முழுக் காப்பு அளிக்கிறது. நிலத்தில் கிடைக்கும் புதையல்களை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் கூறுகிறது.

கல்திட்டை ஒன்று இடிக்கப்பட்டால் ஊரார் அதனை அறிவர். அதன் அருகிலுள்ள வாழ்விட மேட்டின் மண் அள்ளப்பட்டால் அது இழப்பாகவே தோன்றாது. மயிலாடும்பாறையில் நான்கு ஆயிரமாண்டுகளுக்கு மேற்பட்ட தொன்மையைக் காட்டிய மண்ணடுக்கின் ஆழம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

பெருங்கற்காலம்
கல்திட்டை
முதுமக்கள் தாழி
நடுகல்
ஆதிச்சநல்லூர்