முயலகன்

நடராஜப் படிமத்தைப் பற்றி எழுதித் தீர்த்தாயிற்று. ஆனந்த குமாரசுவாமியின் ‘சிவ நடனம்’ நூல் 1918இல் வந்தது முதல் தூக்கிய பாதம், தீ, உடுக்கை, பிரபஞ்ச லயம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஊன்றிய காலின் கீழே கிடப்பவன் மட்டும் ‘அறியாமை’ என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகிறான். அவன் முயலகன், வடமொழியில் அபஸ்மாரன். இரண்டுமே வலிப்பு நோயின் பெயர்கள். தத்துவம் பேசுகிறவர்களுக்கு இது சௌகரியமாக மறந்துவிடுகிறது.

நான் குடவாசல்காரன். எங்கள் பக்கத்துச் சிவன் கோயில்களில் நடராஜர் திருமேனியின் அடியில் அந்தக் குள்ள உருவம் கிடக்கிறது. காக்கா வலிப்பு உள்ளவர்களும் அந்தச் சன்னதியில்தான் கற்பூரத்தை ஒற்றிக்கொள்கிறார்கள். தங்கள் நோய் மிதிபடுவதைப் பார்க்கிறார்களா, தாங்களே மிதிபடுவதையா? யாரும் கேட்டதில்லை.

பெரிய புராணத்தில் இந்த நோய் வருகிறது. முயலகன் பீடித்த மகளைக் கொல்லிமழவன் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் (திருச்சிக்கு அருகே இன்றைய திருவாசி) கொண்டுவந்து கிடத்துகிறான். சம்பந்தர் பதிகம் பாட, நோய் நீங்குகிறது. அங்கே நடராஜர் காலடியில் முயலகனுக்குப் பதில் பாம்பு இருப்பதற்கும் தலபுராணம் இதையே காரணமாகச் சொல்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. தகப்பன் கலங்குகிறான், கவி பாடுகிறார், பெண் எழுந்து தகப்பன் பக்கத்தில் போய் நிற்கிறாள். அவள் வாய் திறப்பதே இல்லை.

ஹிப்போக்ரடீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல் ஒன்று இன்னும் நுட்பமாகப் பார்த்தது. வலிப்பு வரப்போவதை உணர்ந்தவன் ஆளில்லாத இடம் தேடி ஓடித் தலையை மூடிக்கொள்வது தெய்வ பயத்தால் அல்ல, வெட்கத்தால் என்கிறது. நோயின் சரித்திரத்தைவிட இந்த வெட்கத்தின் சரித்திரம்தான் நமக்கு வேண்டும்.

மருந்தின் கதை சுருக்கமானது. 1912இல் பீனோபார்பிட்டால், 1938இல் பெனிடாயின். முன்னது மலிவு, வலிப்பை அடக்கியது, பலரை மந்தமாக்கவும் செய்தது. எங்கள் ஊரில் விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிஷங்களில் தானே அடங்கும், பெயர் சாவிக்கு.

வெட்கத்துக்குச் சட்டமும் கைகொடுத்தது. 1955இன் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு இல்லை. 1976 திருத்தம்தான் அதைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் சேர்த்தது: அடிக்கடி வலிப்பு வருபவரின் திருமணத்தை, மற்றவர் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யலாம். இங்கிலாந்து 1937இல் எழுதி 1971இல் கைவிட்ட விதி இது. அவர்கள் கழற்றிப் போட்டதை ஐந்து வருஷம் கழித்து நாம் எடுத்து மாட்டிக்கொண்டோம். 1999 டிசம்பரில்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட இருபத்து மூன்று வருஷங்கள் ஒரு தலைமுறைப் பெண்களின் கல்யாண வயது.

திண்ணைகளுக்கு அந்தத் திருத்தம் இன்னும் வந்துசேரவில்லை. நோயை மறைத்துக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் புகுந்த வீட்டில் மாத்திரையை எடுத்தால் தெரிந்துவிடும் என்று நிறுத்துகிறாள். நிறுத்தியதால் விழுகிறாள். விழாத நாட்களிலும் விழுவோமோ என்ற நினைப்பு கூடவே இருக்கிறது. வலிப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்று மருத்துவம் இன்று அறிந்திருக்கிறது. ஆற்றுக்கும் குளத்துக்கும் தனியே போகாதே என்று அவளிடம் சொல்வார்கள்; அது நியாயமான எச்சரிக்கைதான். யாரைத் துணைக்கு அழைத்தாலும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.