திடலிலிருந்து போர்முனைக்கு: வோல்டர் டல்லும் நிறத்தடையும்

கற்பிட்டிப் பக்கத்துக் கரையோர ஊர்களில், பள்ளிவாசல்துறையிலும்தான், அஸருக்குப் பிறகு இளைஞர்கள் உதைபந்தோடு இறங்கிவிடுவார்கள். இந்த ஆட்டம் இலங்கையில் வேரூன்றியதில் பிரித்தானியப் படையினருக்குப் பெரும் பங்கு உண்டு. அதே படை யாரை அதிகாரியாக ஏற்றது, யாரை வாசலிலேயே நிறுத்தியது என்பதை வோல்டர் டல் என்ற ஆட்டக்காரரின் வாழ்க்கை வழியே பார்க்கலாம்.

இங்கிலாந்தில் பணம் பெற்று ஆடுவது 1885இல்தான் சட்டபூர்வமானது. கானாவின் அக்ராவில் பிறந்த கறுப்பினத்தவரான ஆர்தர் வார்ட்டன் அடுத்த சில ஆண்டுகளிலேயே கோல் காப்பாளராகத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்டார். டல் அவருக்கு அடுத்த தலைமுறை. 1888இல் கென்ட் மாவட்டத்தின் ஃபோக்ஸ்டனில் பிறந்தார். தந்தை பார்படோசிலிருந்து வந்த தச்சர், தாய் கென்ட்காரி. ஒன்பது வயதாகும்போது இருவருமே உயிரோடில்லை. அவரும் அண்ணன் எட்வர்டும் லண்டன் பெத்னல் கிரீனில் இருந்த மெதடிஸ்ட் அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார்கள். எட்வர்டைக் கிளாஸ்கோக் குடும்பம் ஒன்று தத்தெடுத்தது. பின்னாளில் அவர் பல் மருத்துவரானார். தம்பி இல்லத்திலேயே தங்கி, அங்கேயே பந்து பழகினார்.

கிளாப்டன் கழகத்தில் அமெச்சூராக ஆடிப் பெயர் வாங்கிய அவரை 1909இல் டொட்டன்ஹாம் எடுத்தது. வாரச் சம்பளம் நான்கு பவுண், அன்றைய விதி அனுமதித்த உச்சத் தொகை. அந்த ஆண்டு ஒக்டோபரில் பிரிஸ்டலில் ஆடியபோது எதிரணி ரசிகர்களில் ஒரு பகுதியினர் நிறத்தைச் சொல்லி அவரைக் கேவலமாக ஏசினார்கள். ஆட்டத்தைப் பார்த்திருந்த பத்திரிகையாளர் ஒருவர் அந்த வசவைக் கண்டித்ததோடு, டல் பொறுமை இழக்காமல் நேர்மையாக ஆடியதையும் பாராட்டி எழுதினார். ஆனாலும் அதன்பின் முதல் அணியில் அவருக்கு இடம் அரிதாகவே கிடைத்தது. டொட்டன்ஹாமுக்காக முதற்பிரிவில் அவர் ஆடியவை மொத்தம் 10 ஆட்டங்கள், அடித்தவை 2 கோல்கள். திறமை குறைந்ததால் ஒதுக்கப்பட்டார் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1911இல் நார்தாம்டன் கழக மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் அவரைத் தம் அணிக்கு அழைத்துக்கொண்டார். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் களமிறங்கினார்.

1914 ஆகஸ்டில் போர் மூண்ட பிறகும் லீக் ஆட்டங்கள் நிற்கவில்லை. உடல் வலுவுள்ள இளைஞர்கள் பந்து உதைத்துச் சம்பளம் வாங்குகிறார்களே என்று பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. அந்த நெருக்கடியில்தான் டிசம்பரில் மிடில்செக்ஸ் படைப்பிரிவின் 17ஆவது பட்டாலியன், ‘உதைபந்துப் பட்டாலியன்’, உருவானது. டல் அதே மாதம் சேர்ந்து சார்ஜன்ட் வரை உயர்ந்தார். 1916இல் போர் அதிர்ச்சியால் மனம் நலிந்து ஊர் அனுப்பப்பட்டார். தேறியதும் சொம் போர்முனைக்குத் திரும்பினார்.

1914ஆம் ஆண்டின் இராணுவச் சட்டக் கையேடு, தூய ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவர் அதிகாரியாவதற்கு இடம் வைக்கவில்லை. அவ்வாண்டு எகிப்துக்குக் கப்பலேறிய இலங்கைத் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையும் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இத்தனைக்கும் நடுவே, 1917 மே 30இல் டல் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். கறுப்பின அதிகாரிகளில் அவரே முதல்வர் என்று பலரும் எழுதுவது சரியல்ல. ஜோர்ஜ் பெமன்ட், டேவிட் கிளெமெட்சன் இருவரும் 1915இலேயே பதவி பெற்றவர்கள். விண்ணப்பப் படிவத்தில் தூய ஐரோப்பிய வம்சாவளியா என்ற கேள்விக்குப் பெமன்ட் ‘ஆம்’ என்றார், கிளெமெட்சன் ‘இல்லை’ என்றார். இருவருக்குமே பதவி கிடைத்தது. விதி ஒன்று, நடைமுறை வேறொன்று. டல்லின் தனிச்சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அநாதை இல்லத்திலிருந்து வந்து, சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி, வெள்ளையின வீரர்களை முன்னின்று நடத்தும் நிலையை எட்டினார். அதிகாரிகள் வரிசையாக மடிந்துகொண்டிருந்த காலம் அது. இராணுவம் மனம் மாறியதைவிட அந்தத் தட்டுப்பாடே கதவைத் திறந்திருக்கும் என்பது என் முடிவு.

இத்தாலியின் பியாவே ஆற்றைக் கடந்து அவர் 26 பேரை அழைத்துச் சென்று, ஒருவரையும் இழக்காமல் திரும்பினார். தளபதி சிட்னி லோஃபோர்ட் அவருடைய துணிவையும் நிதானத்தையும் எழுத்தில் பாராட்டினார். 1918 மார்ச் 25இல் பிரான்சின் ஃபாவ்ரே அருகே, ஜெர்மானியரின் பெருந்தாக்குதலில் டல் வீழ்ந்தார். உடல் கிடைக்கவில்லை.

இராணுவச் சிலுவைப் பதக்கத்துக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்ததாகச் சக அதிகாரி ஒருவர் எட்வர்டுக்குக் கடிதம் எழுதினார். பதக்கம் வரவேயில்லை. அதை இப்போதாவது வழங்கவேண்டும் என்ற கோரிக்கை பிரித்தானியாவில் நெடுங்காலமாக இருக்கிறது. அது பெரிதும் அந்தக் கடிதத்தையே நம்பி நிற்கிறது. லோஃபோர்டின் பாராட்டோ அவர் உயிரோடிருந்தபோதே, கட்டளையிட்ட தளபதியின் கையால் எழுதப்பட்டது. டல்லின் போர்ச் சேவையை எடைபோட முதலில் கையிலெடுக்க வேண்டிய ஆவணம் அதுவே.