கல்லும் இறகும் ஏன் ஒன்றாக விழுகின்றன?

பள்ளியில் இயற்பியல் படித்த எல்லோருக்கும் ஒரு வரி மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். காற்று இல்லாவிட்டால் கனமான பொருளும் லேசான பொருளும் ஒன்றாகவே கீழே விழும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. ஆனால் அது ஏன் அப்படி என்று கேட்டோமா? நான் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க இயற்பியலுக்கே சுமார் முன்னூறு வருடம் பிடித்தது என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது :-)

கதையை கலிலியோவிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். அவர் பைசா கோபுரத்தின் மேலிருந்து குண்டுகளைப் போட்ட கதை, அவருடைய சீடர் விவியானி எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வந்தது. அது நிஜமாகவே நடந்ததா என்பதில் சந்தேகம் உண்டு. ஆனால் 1586-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் இப்படி ஒரு சோதனை நடந்தது. சைமன் ஸ்டெவின் என்பவர் தன் நண்பரோடு சேர்ந்து, ஒன்றைவிட ஒன்று பத்து மடங்கு கனமான இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகை மேல் போட்டார். இரண்டும் விழுந்த சத்தம் ஒன்றாகவே கேட்டது. கனமானது வேகமாக விழும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து நம்பி வந்தது அன்றைக்கு அடிபட்டுப் போனது.

கலிலியோவின் உண்மையான சாதனை வேறு. விழுகிற பொருளின் வேகத்தை அளக்க அந்தக் காலத்தில் சரியான கடிகாரம் கிடையாது. அதனால் சாய்வான பலகையில் குண்டை மெதுவாக உருட்டிவிட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். ஒரு மடங்கு நேரத்தில் 1 பங்கு தூரம், இரண்டு மடங்கில் 4, மூன்று மடங்கில் 9. அதாவது வேகம் சீராகக் கூடிக்கொண்டே போகிறது. முடுக்கம் என்று நாம் படித்தது இதைத்தான். 1638-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது.

அடுத்தவர் நியூட்டன். 1687-ல் அவர் எழுதிய பிரின்சிபியாவில்தான் வேடிக்கையே இருக்கிறது. அவருடைய கணக்கில் 'நிறை' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு பொருளைத் தள்ளினால் அது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பது முதல் வேலை. இதை நிலைம நிறை என்கிறார்கள். பூமி அதை எவ்வளவு பலமாக இழுக்கும் என்பது இரண்டாவது வேலை. இது ஈர்ப்பு நிறை. பத்து மடங்கு கனமான கல்லை பூமி பத்து மடங்கு பலமாக இழுக்கிறது. அந்தக் கல்லும் நகர்வதற்குப் பத்து மடங்கு முரண்டு பிடிக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுவதால் எல்லாம் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் என்று ஒரே மாதிரி வேகம் கூடி விழுகின்றன.

இதில் என்ன விசேஷம் என்று தோன்றலாம். வணிகவியல் படிக்கிற எனக்கு இது இப்படித்தான் புரிந்தது. ஒரு கம்பெனியில் ஒருவர் சம்பளக் கணக்கு எழுதுகிறார், இன்னொருவர் மின்சாரச் செலவு எழுதுகிறார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மாதாமாதம் இரண்டு பேரேடுகளின் கூட்டுத்தொகையும் பைசா சுத்தமாக ஒன்றாகவே வருகிறது. தற்செயல் என்று எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

நியூட்டனும் இதைச் சும்மா விடவில்லை. தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், தண்ணீர், கோதுமை என்று ஒன்பது பொருள்களை ஊசலில் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் தெரியவில்லை. 1889-ல் ஹங்கேரியின் ஏட்வோஷ், மெல்லிய கம்பியில் தொங்கும் முறுக்குத் தராசை வைத்து இரண்டு கோடியில் ஒரு பங்கு துல்லியம் வரை போனார். அப்போதும் கணக்கு டேலி ஆனது. அளந்தார்களே தவிர, காரணம் யாருக்கும் தெரியவில்லை.

1907-ல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஐன்ஸ்டீனுக்கு ஒரு யோசனை வந்தது. ஒருவர் உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருக்கும்போது தன் எடையையே உணரமாட்டார். கூடவே விழும் பேனாவும் சாவியும் அவர் பக்கத்திலேயே மிதக்கும். அதாவது ஈர்ப்பு காணாமல் போய்விடுகிறது. இதைத் திருப்பிப் போடுங்கள். எந்தக் கிரகமும் அருகில் இல்லாத விண்வெளியில் ஒரு மூடிய லிஃப்ட் 9.8 முடுக்கத்தில் மேலே போனால், உள்ளே இருப்பவர் பூமியில் நிற்பதாகவே நினைப்பார். இரண்டு பேரேடுகள் ஒத்துப்போவதில் அதிசயமில்லை, ஏனென்றால் இருப்பதே ஒரு பேரேடுதான்!

ஒரு சின்ன எச்சரிக்கை. இது சிறிய இடத்துக்குத்தான் பொருந்தும். லிஃப்ட் மிகப் பெரியதாக இருந்தால், அதன் இரு ஓரங்களிலும் விழும் கற்கள் பூமியின் மையத்தை நோக்கிப் போவதால் ஒன்றை ஒன்று மெல்ல நெருங்கும். இந்த மிச்சத்தைத்தான் 1915-ல் ஐன்ஸ்டீன் காலவெளியின் வளைவு என்று விளக்கினார். கல்லும் இறகும் ஒன்றாக விழுவது, இரண்டும் ஒரே சாலையில் போவதால். வளைவு சாலையில் இருக்கிறது, பயணியின் எடைக்கு அங்கே வேலையில்லை.

லிஃப்ட் உதாரணத்திலிருந்தே ஒளியும் வளையும் என்று வருகிறது. 1911-ல் ஐன்ஸ்டீன் போட்ட கணக்குப்படி, சூரியனை உரசிவரும் நட்சத்திர ஒளி 0.83 விகலை வளைய வேண்டும். இதைச் சோதிக்க 1914-ல் ஜெர்மன் வானியலாளர்கள் கிரகணம் பார்க்க கிரிமியா போனார்கள். முதல் உலகப்போர் தொடங்கிவிட, ரஷ்யர்கள் அவர்களைப் பிடித்துவைத்துவிட்டார்கள். ஒருவகையில் அது ஐன்ஸ்டீனின் அதிர்ஷ்டம். ஏனென்றால் அந்தக் கணக்கு தவறு. முழுக் கோட்பாடு வந்தபோது விடை இரண்டு மடங்காக, சுமார் 1.7 என்று ஆனது. 1919 மே 29 கிரகணத்தில் எடிங்டன் பிரின்சிப்பி தீவிலும், இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலிலும் எடுத்த படங்கள் புதிய விடைக்கே சாதகமாக வந்தன.

1971-ல் அப்போலோ 15 வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் பருந்து இனப் பறவை ஒன்றின் இறகையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். பிரான்ஸ் 2016-ல் அனுப்பிய மைக்ரோஸ்கோப் என்ற செயற்கைக்கோளில் பிளாட்டினக் கலவையும் டைட்டானியக் கலவையும் பூமியைச் சுற்றியபடியே 'விழுந்தன'. 2022-ல் வந்த இறுதி முடிவு: பத்துக் கோடி கோடியில் சில பங்கு என்ற அளவு வரை வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அதன் பிறகும் ஏன் இன்னும் துல்லியமாக அளக்க வேண்டும் என்கிறார்கள்? எங்காவது ஒரு பைசா இடித்தால், இருப்பது ஒரே பேரேடு என்ற முடிவையே திருத்த வேண்டிவரும். டேலி ஆகிவிட்டது என்று புத்தகத்தை மூடிவைக்காமல், ஏன் டேலி ஆகிறது என்று கேட்டதால்தானே ஐன்ஸ்டீனுக்கு விடை கிடைத்தது?