எவ்வளவு கிட்ட வந்தா இடிக்கும்? மெட்ராஸில் பிறந்த ஒரு டெஸ்ட்

பிளாஸ்டிக் பாட்டிலை அரிக்கும் பாக்டீரியா ஒன்றை 2016-ல் ஜப்பானில் அறிவித்தார்கள். அதன் என்சைமுக்குப் பெயர் பெட்டேஸ். 2018-ல் அதன் வடிவத்தைப் பார்த்து, இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, இன்னும் நல்லா வேலை செய்ய வச்சாங்க.

வடிவத்தை எப்படிப் பார்ப்பது? என்சைமைச் சுத்தப்படுத்தி, உப்புக் கரைசலோடு ஒரு சொட்டு கலந்து, மெதுவா நீர் வற்ற விடுவாங்க. அதிர்ஷ்டம் இருந்தா படிகம் வளரும். அதன்மேல் எக்ஸ்ரே பாய்ச்சினா கிடைப்பது போட்டோ இல்லை, வெறும் புள்ளிகள். அதைக் கணக்குப் போட்டு எலக்ட்ரான் அடர்த்தியை வரைந்து, அதுக்குள்ள அணுக்களைப் பொருத்தணும். இங்கேதான் தப்பு நடக்கும். தப்பான மாடலை நம்பி அடுத்த மாற்றத்தைச் செய்தால் மொத்த உழைப்பும் வீண்.

அந்தத் தப்பைப் பிடிக்கும் டெஸ்ட் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதுவும் ஒரு சண்டையிலிருந்து.

1952-ல் ஜி.என். ராமச்சந்திரன் அங்கே இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றார். தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் வடிவம் அப்போது புதிர். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் ‘நேச்சர்’ இதழில், மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்று விடை சொன்னார்கள். அடுத்த வருஷம் அந்த மூணும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்குன்னு திருத்தினாங்க. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் மறுத்தார்கள்: முறுக்கு சரி, ஆனா உங்க மாடலில் சில அணுக்கள் ரொம்ப நெருங்கி இடிக்குதே!

ராமச்சந்திரன் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். எவ்வளவு நெருங்கினா இடிக்கும்? ஏற்கெனவே தெரிந்த சின்ன மூலக்கூறுகளின் படிகங்களில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரங்களைச் சேகரித்தார். பிறகு சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து கணக்குப் போட்டார். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலமும் முக்கியமா இரண்டு இடத்தில்தான் திரும்பும். ஃபை, சை என்ற அந்த இரண்டு கோணங்களை வச்சு ஒரு கட்டம் போட்டால், பெரும்பகுதியில் அணுக்கள் இடிக்கும். சில திட்டுகளில் மட்டும் இடம் இருக்கும். நம்ம காஞ்சிபுரம் பட்டு இழையின் புரதம் பெரும்பாலும் இடப்பக்க மேல் திட்டில் விழும்.

இது வெளியானது 1963-ல். உலகின் முதல் என்சைம் வடிவம், லைசோசைம், வந்ததோ 1965-ல். கோட் வருவதற்கு முன்பே டெஸ்ட் ரெடி!

இன்றைக்கும் புரதத் தகவல் வங்கிக்குப் போகும் ஒவ்வொரு புரத வடிவத்தையும் ராமச்சந்திரன் வரைபடத்தில் சரிபார்க்கிறார்கள். திட்டுக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தா, அது தப்புன்னு உடனே முடிவு கட்ட மாட்டாங்க. அபூர்வமா நிஜமாவும் இருக்கலாம். ஆனா அந்த இடத்தை மறுபடி போய்ப் பார்த்தே ஆகணும்.

ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 2001-ல் சென்னையில் காலமானார். உலகத்தில் எந்த லேபில் புது என்சைம் படிகம் வளர்ந்தாலும், கடைசியில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாகணும்: அணுக்கள் இடிக்குதா, இல்லையா?