படகேறும் பந்து

கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவிலுள்ள கல்லோனி என்ற சிற்றூரின் கழகம் 2013இல் அந்நாட்டின் முதல்தர உதைபந்தாட்ட லீக்குக்குள் நுழைந்து மூன்று பருவங்கள் ஆடியது. கடல் அதற்குத் தடையாகவில்லை.

யாழ்ப்பாணத் தீவகத்துக்கும் உதைபந்து புதிதல்ல. ஆனால் போர்க்காலத்தில், 1990இல் இலங்கை இராணுவம் தீவுகளில் இறங்கியபோது ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தது. பலர் பின்னர் கனடா, ஐரோப்பா என்று சிதறினர். ஆட்களே இல்லாத ஊரில் கழகம் எப்படி நிலைக்கும்? மைதானங்களில் புல்தான் வளர்ந்தது.

தூரமும் சிறிதல்ல. நெடுந்தீவுப் பொடியன் யாழ் நகரிலுள்ள துரையப்பா விளையாட்டரங்கில் ஆட வேண்டுமானால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறி, அங்கிருந்து பண்ணைப் பாலம் வழியே பஸ்ஸில் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

2021இல் இலங்கை சூப்பர் லீக் 10 கழகங்களுடன் தொடங்கியது. வடக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. அடுத்த போட்டி அட்டவணை போடுவோர் குறிகட்டுவான் படகு நேரத்தையும் பார்க்கட்டும்.